மிசிசிப்பி பிறக்கும் ஏரிக்கரையில் ஒரு கூடாரம்: வீட்டு விறகை ஏன் எடுத்துப் போகக் கூடாது?

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வேலை பார்க்கும் மகன், கோடைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஏரிக்கரை கேம்பிங்குக்கு அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கார் டிக்கியில் டென்ட், போர்வை, சின்ன கேஸ் அடுப்பு, புளியோதரை, ஊறுகாய். கூடவே ஒரு கட்டு விறகு. வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன மரத்தை வெட்டி அடுக்கியிருந்ததை, காசு கொடுத்து விறகு வாங்குவானேன் என்று அப்பா எடுத்து வைத்திருக்கிறார்.

நான்கு மணி நேரப் பயணம். பூங்கா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு கொடுக்கும் பெண் புன்னகையோடு கேட்கும் கேள்விகளில் ஒன்று, "வெளியிலிருந்து விறகு கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்பது. கொண்டுவந்திருந்தால் அதை அங்கே எரிக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

"ஏம்ப்பா, காட்டுக்குள்ள வந்து விறகுக்கா சட்டம் பேசுறாங்க?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். சுற்றிலும் பார்க்கும் இடமெல்லாம் மரம். அதில் நாலு குச்சி வெளியிலிருந்து வந்தால் என்ன குடி முழுகிவிடும்?

முழுகும் என்பதுதான் பதில். அந்த விறகுத் தடை மட்டுமல்ல. படகைக் கரையேற்றும்போது தண்ணீரை வடிக்க வேண்டும், சாப்பாட்டை டென்ட்டில் வைக்கக் கூடாது, தீயை அணைத்துவிட்டுச் சாம்பலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் இருக்கும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு இழப்பு இருக்கிறது. மினசோட்டா மாநிலத்தின் ஐடாஸ்கா ஸ்டேட் பார்க்கை வைத்து அதைப் பார்க்கலாம்.

ஸ்டேட் பார்க் என்றால் என்ன?

அமெரிக்காவில் 'நேஷனல் பார்க்' என்றால் மத்திய அரசின் பொறுப்பு. யெல்லோஸ்டோன், யோசெமிட்டி போன்றவை அந்த வகை. 'ஸ்டேட் பார்க்' என்பது அந்தந்த மாநில அரசு நடத்துவது. நேஷனல் பார்க் என்றால் விமானம் ஏறிப் போக வேண்டியிருக்கும். ஸ்டேட் பார்க் அப்படியல்ல. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். சாமானியக் குடும்பங்கள் காட்டையும் ஏரியையும் பார்க்கப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

நயாகரா அருவிப் பகுதியை 1885-ல் நியூயார்க் மாநிலம் பூங்காவாக்கியது. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1891 ஏப்ரல் 20-ல் ஐடாஸ்கா வந்தது. மினசோட்டாவின் முதல் ஸ்டேட் பார்க் இதுதான். பரப்பு 32,000 ஏக்கருக்கு மேல். உள்ளே சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கும் அதிகமான ஏரிகள். அதில் ஒன்றான ஐடாஸ்கா ஏரியின் வடக்கு முனையில்தான் மிசிசிப்பி ஆறு பிறக்கிறது.

தலைக்காவேரி போய் வந்தவர்களுக்குத் தெரியும், பெரிய ஆறு பிறக்கும் இடம் சின்னதாகத்தான் இருக்கும். இங்கேயும் அப்படித்தான். ஏரியிலிருந்து முழங்கால் அளவுத் தண்ணீர் ஒரு கல்வரிசையைத் தாண்டி ஓடைபோல வழிகிறது. குழந்தைகள் கல்லுக்குக் கல் தாவி அக்கரை போய் வருகிறார்கள். 'மிசிசிப்பியை நடந்தே கடந்துவிட்டேன்' என்று போட்டோ எடுத்துக்கொள்ள அங்கே எப்போதும் கூட்டம். பக்கத்தில் நட்டிருக்கும் மரக் கம்பத்தில், இங்கிருந்து மெக்சிகோ வளைகுடா வரை ஆறு ஓடும் தூரம் 2,552 மைல் என்று பொறித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 4,100 கிலோமீட்டர். இங்கே கிளம்பும் ஒரு சொட்டுத் தண்ணீர் கடலைத் தொட ஏறக்குறைய 90 நாள் ஆகும் என்பது பூங்காவின் கணக்கு.

பெயர் எப்படி வந்தது?

இந்த ஏரி யாரும் அறியாத இடமாக இருக்கவில்லை. ஒஜிப்வே பூர்வகுடி மக்கள் இதை எல்க் மான் ஏரி என்ற பொருள்பட அவர்கள் மொழியில் அழைத்துவந்தார்கள். 1832 ஜூலையில் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்ற அமெரிக்க அதிகாரியை இங்கே அழைத்து வந்து காட்டியவர் ஒசாவிந்திப் என்ற ஒஜிப்வே தலைவர். ஆனால் 'கண்டுபிடித்தவர்' என்ற பெயர் போனது ஸ்கூல்கிராஃப்ட்டுக்கு.

அவர் வைத்த பெயரும் சுவாரஸ்யமானது. லத்தீனில் 'வெரிடாஸ்' என்றால் உண்மை, 'காபுட்' என்றால் தலை. இரண்டையும் சேர்த்து எழுதி, முன்னும் பின்னும் வெட்டினால் நடுவில் மிஞ்சுவது 'இடாஸ்கா'. உச்சரிப்பில் அது ஐடாஸ்கா ஆனது. 'உண்மையான தலைப்பகுதி' என்று பொருள் கொள்ளலாம். கேட்பவர்கள் அதைப் பூர்வகுடிச் சொல் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு ஓட்டில் பிழைத்த காடு

1880-களின் இறுதியில் ஜேக்கப் பிரவர் என்ற நில அளவையாளர் இங்கே வந்தார். மிசிசிப்பியின் உண்மையான பிறப்பிடம் எது என்ற தகராறு அப்போதும் ஓயவில்லை. அதைத் தீர்த்துவைப்பதுதான் அவர் வேலை. அளக்க வந்தவர் கண்ணில் வேறொன்று பட்டது. மினசோட்டாவின் வெள்ளை பைன், சிவப்பு பைன் காடுகளை மரக் கம்பெனிகள் வேகமாக வெட்டிச் சாய்த்துக்கொண்டு வந்தன. வளர்ந்துவந்த நகரங்களின் வீடுகளுக்குப் பலகை வேண்டும். அந்த வேகத்தில் போனால் இந்த ஏரிக்கரையும் மொட்டையாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது.

பிரவர் ஊர் ஊராகப் பேசினார், எழுதினார், சட்டமன்றத்தை நெருக்கினார். கடைசியில் பூங்கா மசோதா நிறைவேறியது. எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் தெரியுமா? ஒன்றே ஒன்று.

சட்டம் வந்ததும் காடு பிழைத்துவிட்டது என்று நினைத்தால் தவறு. வரைபடத்தில் பூங்கா என்று கோடு போட்டாயிற்று. ஆனால் அந்தக் கோட்டுக்குள் இருந்த நிலத்தில் கணிசமான பகுதி தனியாரிடம் இருந்தது. நிலத்தை வாங்க அரசு போதிய பணம் ஒதுக்கவில்லை. 'பூங்கா'வுக்குள்ளேயே கோடரிச் சத்தம் தொடர்ந்தது. வெட்டு முழுவதுமாக ஓய்ந்தது 1920 வாக்கில்தான். ஏறக்குறைய 30 ஆண்டுகள்!

மதகில் கை வைத்த 24 வயதுப் பெண்

அந்த 30 ஆண்டுகளுக்கு நடுவில் வருகிறார் மேரி கிப்ஸ். 1903-ல் பூங்காவின் ஆணையராக இருந்த அவருடைய தந்தை இறந்துபோக, அந்தப் பொறுப்பு மகளிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 24. அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920-ல். அதற்கு 17 ஆண்டுகள் முன்னால் ஒரு பெண் பூங்காவுக்குத் தலைமை ஏற்கிறார்.

அப்போதைய பிரச்சினை தண்ணீர். வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைக்குக் கொண்டுபோவதுதான் அன்றைய வழக்கம். ஆற்றில் போதுமான தண்ணீர் இல்லாவிட்டால் மரம் தட்டிவிடும். அதனால் ஆற்றின் குறுக்கே மரக் கம்பெனி அணை கட்டித் தண்ணீரைத் தேக்கும். தேவையான நேரத்தில் மதகைத் திறந்தால் மரங்கள் வெள்ளத்தோடு அடித்துக்கொண்டு போகும். ஏரிப் பாசன ஊர்க்காரர்களுக்கு மதகு எவர் கையில் இருக்கிறது என்பதன் அருமை தெரியும். இங்கே மதகு கம்பெனியின் கையில் இருந்தது. தேங்கிய தண்ணீர் ஏரிக்குள் ஏறி, கரையோரத்துப் பழைய மரங்களின் வேரில் நின்றது. நீரில் நின்ற பைன் மரங்கள் பட்டுப்போயின.

மதகைத் திறக்கச் சொல்லி மேரி கிப்ஸ் நேரில் போனார். லீவரில் கை வைப்பவரைச் சுடுவோம் என்று அணையில் இருந்தவர்கள் துப்பாக்கியோடு மிரட்டியதாகவும், அவர் பின்வாங்காமல் கை வைத்ததாகவும் பூங்காவின் வரலாறு பதிவு செய்கிறது. கம்பெனிக்கு அரசியல் செல்வாக்கு இருந்தது. சில மாதங்களிலேயே அவர் இடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டார்.

இன்று ஆறு பிறக்கும் இடத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கம்பெனியின் பெயரைத் தேடினால்தான் கிடைக்கும்.

இது 'இயற்கை' அழகா?

அந்தக் கல்வரிசையைப் பார்ப்பவர்கள் ஆதிகாலம் தொட்டே அது அப்படியே கிடக்கிறது என்று எண்ணுவார்கள். உண்மை அதுவல்ல. மரம் வெட்டிய காலத்தில் அந்த இடம் சேறும் சகதியும் பழைய அணையின் மிச்சமுமாகச் சீரழிந்து கிடந்தது. 1930-களில்தான் அதைத் திருத்தி, கற்களை அடுக்கி, ஆற்றுக்குப் புதுக் கால்வாய் வெட்டி, இப்போது பார்க்கும் உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த வேலையில் பெரும் பங்கு சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற இளைஞர் படைக்கு உண்டு. பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாமல் தவித்த இளைஞர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட் 1933-ல் தொடங்கிய திட்டம் அது. 1942 வரை நடந்தது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். நம் ஊர் நூறு நாள் வேலைத் திட்டத்தை ராணுவ முகாம் ஒழுங்கோடு நடத்தியது போல என்று சொல்லலாம். சுமார் 30 லட்சம் இளைஞர்கள் அதில் வேலை பார்த்தார்கள். அமெரிக்க ஸ்டேட் பார்க்குகளின் கல் கட்டடங்கள், நடைபாதைகள், கேம்ப் மைதானங்கள் பலவும் அவர்கள் கைவேலை. ஐடாஸ்காவிலும் கல்லும் மரக்கட்டையுமாக அவர்கள் எழுப்பிய கட்டடங்கள் இன்னும் உறுதியாக நிற்கின்றன.

இடம் பிடிப்பது எப்படி?

ஐடாஸ்காவில் பேர் பா, பைன் ரிட்ஜ் என்று இரண்டு பெரிய கேம்ப் மைதானங்கள். வண்டியோடு போய் இறங்கும் இடங்கள் 200-க்கு மேல். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மர மேசை, தீ மூட்ட இரும்பு வளையம், டென்ட் அடிக்கச் சமதளம் இருக்கும். கழிப்பறையும் வெந்நீர்க் குளியலறையும் பொது. மின் இணைப்பு உள்ள இடங்கள் தனி. மூட்டையைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடந்துபோய்த் தங்கும் இடங்களும் உண்டு. அங்கே இந்த வசதிகள் கிடையாது.

கவனிக்க வேண்டியவை:

* முன்பதிவு 120 நாள் முன்னதாகத் திறக்கும். ஜூலை 4 சுதந்திர தின வாரம் போன்ற நாள்களுக்கு அன்றைக்கே உட்கார்ந்து பதிவு செய்தால்தான் உண்டு.
* வண்டிக்குத் தனி அனுமதிச் சீட்டு. ஒரு நாளுக்கும் ஓராண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். ஆண்டுச் சீட்டு மாநிலத்தின் எல்லா ஸ்டேட் பார்க்கிலும் செல்லும். தங்கும் கட்டணம் இதில் சேராது.
* ஓர் இடத்தில் எத்தனை பேர், எத்தனை டென்ட், எத்தனை வண்டி என்று வரம்பு உண்டு. நான்கு குடும்பம் சேர்ந்து போனால் ஒரே இடத்தில் அடைந்துகொள்ள முடியாது. குழுக்களுக்கென்று தனி இடம் கேட்க வேண்டும்.
* இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஸ்பீக்கரில் பாட்டு, அந்தாக்ஷரி எல்லாம் அதற்கு முன்னால் முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பத்து மணிக்கு மேல் அமைதி காப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. மினசோட்டாவின் மாநிலப் பறவையான லூன், இரவில் ஏரி நடுவிலிருந்து குரல் கொடுக்கும். ஓலமா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்தக் குரலைக் கேட்கவே வருகிறவர்கள் உண்டு.

சரி, விறகுக்கு வருவோம்

அப்பா கேட்ட கேள்விக்குப் பதில், ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு வண்டு. எமரால்டு ஆஷ் போரர் என்று பெயர். மரகதப் பச்சையில் பளபளக்கும். பிறந்த இடம் கிழக்கு ஆசியா. சரக்குப் பெட்டிகளின் மரத்தில் ஒட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கு வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. 2002-ல் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரம் அருகே முதலில் கண்டறிந்தார்கள்.

வளர்ந்த வண்டு இலையைக் கொறிப்பதால் மரத்துக்குப் பெரிய சேதமில்லை. சேதம் செய்வது புழு. ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் பாம்புபோல வளைந்து வளைந்து குடைந்துகொண்டே போகும். வேருக்கும் இலைக்கும் நடுவே சத்து போய்வரும் பாதை அந்தப் பட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. பாதை அறுந்தால் சில ஆண்டுகளில் மரம் நின்ற நிலையிலேயே செத்துப்போகும். ஆசியாவில் உள்ள ஆஷ் மரங்களுக்கு அந்த வண்டோடு பழகிய எதிர்ப்பு உண்டு. அமெரிக்க ஆஷ் மரங்களுக்கு அது இல்லை. இதுவரை பல கோடி மரங்கள் போய்விட்டன.

இங்கேதான் விறகு வருகிறது. அந்த வண்டு தானாகப் பறந்தால் ஆண்டுக்குச் சில கிலோமீட்டர்தான் பரவும். ஆனால் வெட்டிய விறகின் பட்டைக்கு அடியில் புழு உயிரோடு இருக்கும். வெள்ளிக்கிழமை காலை டிக்கியில் ஏறினால், சாயங்காலம் 350 கிலோமீட்டர் தள்ளி இறங்கிவிடும். எரிக்காமல் மிச்சம் வைத்துவிட்டு வரும் ரெண்டு கட்டையிலிருந்து அடுத்த கோடையில் வண்டு வெளியே வரும். பெரிய தாவல்கள் பலவும் இப்படி மனிதர்களின் வண்டியில் நடந்தவைதான்.

மினசோட்டாவில் இந்த வண்டு 2009-ல் செயின்ட் பால் நகரில் தென்பட்டது. அந்த மாநிலத்தில் சுமார் 100 கோடி ஆஷ் மரங்கள் இருப்பதாக வனத்துறை மதிப்பிடுகிறது. அதில் பெரும்பகுதி வடக்கே, ஈரநிலங்களில் நிற்கும் கறுப்பு ஆஷ். நிலத்தடி நீரை உறிஞ்சி மட்டத்தைக் காத்துக்கொண்டிருப்பவை அந்த மரங்கள். அவை செத்தால் அந்த இடம் காடாக இருக்காது. புல் சதுப்பாக மாறிவிடும். ஒஜிப்வே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடை முடைவது அந்தக் கறுப்பு ஆஷ் மரத்தின் நாரில். மரம் போனால் அந்தக் கைத்தொழிலும் போகும்.

கொல்லையில் 'பட்டுப்போன' மரம் என்றாரே அப்பா, அது ஏன் பட்டுப்போனது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம், பூங்காவுக்குப் பக்கத்திலேயே விறகு வாங்கி, ரசீதையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஏரித் தண்ணீரை ஏன் வடிக்க வேண்டும்?

அதே கதை, தண்ணீரில். வரிக்குதிரைபோலக் கோடு போட்ட ஜீப்ரா மஸல் என்ற சின்னச் சிப்பி, கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்தைச் சேர்ந்தது. சரக்குக் கப்பல்கள் எடை சமநிலைக்காகச் சுமந்து வரும் தண்ணீரில் கலந்து வந்து, 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் பேரேரிகளில் குடியேறியது. ஒரு பெண் சிப்பி லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. மீன் தூண்டில் வாளியில், படகின் அடியில் தங்கும் ஒரு டம்ளர் தண்ணீரில் எத்தனை இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஏரியில் குடியேறிவிட்டால் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றுவிடும். மீன்குஞ்சுகளுக்கு இரை குறையும். குடிநீர்க் குழாய்க்குள் அடை அடையாய் ஒட்டும். கரையில் இறங்கும் குழந்தைகளின் காலைக் கிழிக்கும். பெரிய ஏரியிலிருந்து அதை முற்றாக ஒழிக்க இன்றுவரை வழியில்லை.

அதனால் மினசோட்டாவில் படகைக் கரையேற்றியதும் அடைப்பானைக் கழற்றி, தண்ணீரை முழுவதும் வடித்து, ஒட்டியிருக்கும் பாசி செடிகளைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும். இது ஆலோசனை இல்லை, சட்டம். அடுத்த ஏரியில் இறக்கும் முன் ஐந்து நாளாவது காயவிடுவது நல்லது. நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கும் பூங்காவில் இந்தச் சட்டம் ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஊறுகாய் பாட்டில் ஏன் காருக்குள் தூங்க வேண்டும்?

"அம்மா, ஊறுகாயை டென்ட்டுக்குள்ள வைக்காதீங்க. பிள்ளைக்கு வச்சிருக்கிற பிஸ்கட்டும் வேண்டாம். எல்லாம் காருக்குள்ள போகட்டும்."

"ஏண்டா, எறும்பு வருமா?"

"கரடி வரும்மா."

மகன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வடக்கு மினசோட்டா காடுகளில் கறுப்புக் கரடிகள் உண்டு. பொதுவாக மனிதர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவை. ஆனால் மோப்ப சக்தி அபாரம். நம் மசாலா வாசனை அதற்கு வெகுதூரம் எட்டும். பற்பசை, சோப்பு, குப்பைப் பை எல்லாமே கரடியின் மூக்குக்குச் சாப்பாடுதான். அதனால் உணவும் வாசனைப் பொருளும் பூட்டிய காருக்குள். குப்பை அன்றன்றைக்கு மூடியுள்ள தொட்டிக்குள்.

இதில் ஆபத்து மனிதருக்கு மட்டுமல்ல. ஒருமுறை கூடாரத்தில் சாப்பாடு கிடைத்த கரடி மறுபடி மறுபடி வரும். பயம் போய்விட்ட கரடியைக் கடைசியில் சுட்டுக் கொல்ல வேண்டி வரலாம். நாம் மறந்து வைத்த பாக்கெட்டுக்கு அது உயிரை விடும்.

தீயை ஏன் தொட்டுப் பார்க்க வேண்டும்?

மரம் வெட்டிய காலத்தில் கிளைகளையும் சில்லுகளையும் அப்படியே காட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குப்பை காய்ந்து கிடந்த 1894-ம் ஆண்டு கோடையில் மழையும் பொய்த்தது. செப்டம்பர் 1-ம் தேதி ஹிங்க்லி என்ற ஊரைத் தீ சூழ்ந்தது. சில மணி நேரத்தில் 400-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். மினசோட்டா அதை மறக்கவில்லை.

அதே சமயம் தீ முழுக்க எதிரியும் இல்லை. ஐடாஸ்காவின் ஓங்கிய சிவப்பு பைன்கள் பலவும் 1700-களில் தரையோடு எரிந்த காட்டுத்தீக்குப் பின் முளைத்தவை. தரையில் சருகு எரிந்து மண் வெளியே தெரிந்தால்தான் பைன் விதை நன்றாக முளைக்கும். அதனால் வனத்துறையே சில இடங்களில் கணக்குப் பார்த்துத் தீ வைக்கிறது. எந்த நாள், எந்தக் காற்று, எவ்வளவு தூரம் என்பதை அவர்கள் முடிவு செய்ய வேண்டும். கேம்ப் முடித்துக் கிளம்புகிறவரின் அவசரம் முடிவு செய்யக் கூடாது.

முறை எளிது. இரும்பு வளையத்துக்குள் மட்டும் மூட்டுங்கள். படுக்கும் முன் தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

உயிருக்கு ஆபத்தானவை எவை?

கரடியை நினைத்துப் பயப்படுகிறவர்கள் கவனிக்காமல் விடுபவை நான்கு.

உண்ணி: மான் உண்ணியின் இளம் பருவம் எள் அளவுகூட இருக்காது. லைம் நோய்க் கிருமியைப் பரப்பக்கூடியது. முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய பேன்ட், உண்ணி விரட்டி மருந்து அவசியம். தினமும் இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடிக்கு அடியில் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் ட்வீசரால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கலாம். நெருப்பு வைப்பது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் கூடாது. பிறகு சில வாரங்களில் வட்டமாகச் சிவந்த தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணிக் கடியைச் சொல்லிவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலும் சொல்ல வேண்டும். நம்மூர் மருத்துவருக்கு லைம் நோய் உடனே நினைவுக்கு வராது.

தண்ணீர்: ஏப்ரல் கடைசி வரை உறைந்து கிடக்கும் ஏரிகள் இவை. மே மாதத்தில் வெயில் இதமாக இருந்தாலும் தண்ணீர் கடும் குளிர்ச்சி. திடீரென விழுந்தால் மூச்சுத் திணறி, நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். படகில் 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் லைஃப் ஜாக்கெட் அணிவது மினசோட்டாவில் கட்டாயம். பெரியவர்களும் அணிவதே புத்திசாலித்தனம்.

இரவுக் குளிர்: ஜூன் மாத இரவிலும் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகலாம். மதுரை வெயிலில் இருந்து வந்த பெற்றோருக்குக் கம்பளி, குல்லா, தரையில் விரிக்கத் தடித்த மெத்தை தேவை. குளிர் ஏறுவது தரையிலிருந்துதான்.

அடுப்பு: குளிருக்குப் பயந்து கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்ட்டுக்குள் எடுத்துவராதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

மிஞ்சியது எது?

ஐடாஸ்காவில் 'பிரீச்சர்ஸ் குரோவ்' என்று ஏரியோரத்தில் ஒரு பைன் தோப்பு இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் வயதான சிவப்பு பைன்கள். மினசோட்டாவில் இப்படிப்பட்ட பழங்காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம். மற்றதெல்லாம் வீட்டுப் பலகையாகிவிட்டது.

அந்தத் தோப்பும் தானாகத் தொடரப் போவதில்லை. பைன் கன்றின் நுனிக் குருத்தை மான்கள் கடித்துவிடுகின்றன. அதனால் இலையுதிர் காலத்தில் பணியாளர்களும் தன்னார்வலர்களும் கன்று கன்றாகக் குனிந்து, நுனிக் குருத்தைச் சுற்றி ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து ஸ்டேப்ளர் போடுகிறார்கள். குளிர்காலம் முழுக்க அந்தக் காகிதத் தொப்பிதான் கன்றுக்குக் காவல். மான் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை ஆண்டுதோறும் இதே வேலை. இன்று தொப்பி போடுகிறவர் அந்த மரம் ஓங்கி நிற்பதைப் பார்க்க இருக்க மாட்டார்.

அப்படியிருக்க, வருகிறவர்களிடம் பூங்கா கேட்பது அதிகமில்லை. விறகுக் கட்டை வாசலிலேயே வாங்குங்கள். கொண்டுவந்ததை அப்படியே திருப்பி எடுத்துப் போகவும் வேண்டாம். அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் காட்டும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அப்பாவின் விறகுக் கட்டுக்கும் அதுதான் வழி. காலையில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மிசிசிப்பியைத் தாண்டலாம். கல் வழுக்கும்; பார்த்துக் கால் வைக்க வேண்டும்.